பாக்கியம் அத்தையின் படத்தை ஏற்றுவதற்கு முன்

குணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் போனில் அரை மணி நேரம் பேசினோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய், முதுகுவலி போய்விட்டது, கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். பினாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் போனில் சொல்லாமல் எதற்கு இந்த அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ நான்கு தடவை "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். உன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. கடிதத்துக்குச் சரிம்மா போட முடியாது, பார். கோலா கெத்தில் ஊரில் இருக்கும் நம் போட்டோக் கடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பாஸ்போர்ட் படத்துக்குக்கூட யாரும் வருவதில்லை. அந்த நேரத்தில் கவுண்டரில் உட்கார்ந்து மூன்று நாளாக இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று ஒரு தடவை நானே திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள். புதிதாக ஒரு ஸ்டாக் போட்டோ ஏஜென்சி வந்திருக்கிறது. நாம் படங்களை ஏற்றிவிட்டால், விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உலகம் முழுக்க அவர்கள் விற்றுத் தருவார்கள். முதலில் சேருகிறவர்களுக்குப் பங்கு அதிகம். ஆனால் வேறு எங்கேயும் அந்தப் படங்களைக் கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரம் படம் ஏற்ற வேண்டும். உன்னிடம் அறுநூறு இருக்கிறது. மிச்சத்துக்கு என் பழைய ஹார்ட்டிஸ்கை அனுப்பி வைக்கச் சொன்னாய். அதோடு விட்டிருந்தால் நான் மறுநாளே கூரியரில் போட்டிருப்பேன், இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் நீ போனை வைக்கும்போது ஒன்று சொன்னாய்.

"மா, தீபாவளிக்கு வந்தப்ப அலமாரியில இருந்து கொஞ்சம் சீடி எடுத்துட்டு வந்தேன்ல, அதுல ஒரு படம் கெடச்சிச்சு. பாக்கியம் அத்தை லயத்து வாசப்படியில ஒக்காந்திருக்கிற படம். செம படம்லா மா! அதத்தான் மொதப் படமா போடப் போறேன்."

நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை, குணா. அடுப்பே எரியவில்லை. உன் அப்பா அடுப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நீ நம்பமாட்டாய், நீ அனுப்பிய ஒப்பந்தம் முழுவதையும் படித்துவிட்டேன். கடைப் பிரிண்டரில் அச்செடுத்து, மஞ்சள் பேனாவை வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை படித்தேன். நீ படித்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் வயதில் நானும் படித்ததில்லை. என் வயதிலும் படித்ததில்லை, அதுதான் இந்தக் கடிதத்தின் கதையே. எப்படிச் சேருவது என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எப்படி விலகுவது என்பதைத் தேடித் தேடிப் பதினான்காவது பக்கத்தில் கண்டுபிடித்தேன். நீ விலக வேண்டுமென்று எழுதிக் கேட்டால், கேட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தான் படங்களை இறக்குவார்களாம். அதற்குள் விற்றது விற்றதுதான். "பங்காளி நிறுவனங்கள்" என்று ஒரு வார்த்தை நான்கு இடத்தில் வருகிறது. யார் அந்தப் பங்காளிகள் என்று ஒரு இடத்திலும் இல்லை. உன்னிடமிருந்து இவர்கள் வாங்கி, இவர்களிடமிருந்து இன்னொருவன் வாங்கி, அவன் எங்கே எதற்கு விற்கிறான் என்று உனக்குக் கடைசிவரை தெரியாது. அதற்குக் கீழே இன்னொன்று. கம்ப்யூட்டர் தானாகப் படம் வரையக் கற்றுக்கொள்ள உன் படங்களைக் காட்டிப் பழக்குவார்களாம், அதற்குத் தனியாக உன்னைக் கேட்கமாட்டார்களாம். நீ விலகிய பிறகும் அது கற்றுக்கொண்டதை யாராலும் திருப்பி வாங்க முடியாது. இந்த இடத்தில் பேனாவை அழுத்திக் கோடு போட்டேன், பேப்பர் கிழிந்துவிட்டது.

இதையெல்லாம் ஒரு பெரிய அறிவாளிபோல எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பட்டதனால் எழுதுகிறேன். அந்தப் படத்தை நீ முதன்முதலாக விற்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அதை ஏற்கனவே விற்றிருக்கிறேன், குணா. நீ கடல் தாண்டி சபாவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில். அத்தை வீட்டுக்கும் எனக்கும் ஏன் பேச்சு இல்லை என்று நீ கேட்டபோதெல்லாம் "பெரியவங்க விஷயம், ஒனக்கு வேணாம்" என்று உன் வாயை அடைத்தேன். ஏதோ நிலத் தகராறு என்று நீயாகவே முடிவுகட்டிக்கொண்டாய், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிலமாவது ஒன்றாவது. உன் அப்பா வழியில் ஒரு பூந்தொட்டி வைக்கிற அளவுக்குக்கூட யாருக்கும் நிலம் கிடையாது.

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அத்தை இருந்த செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வகுப்புப் படம் எடுக்கப் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அத்தையைப் பார்த்துவிட்டு வரலாமே என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பக்கம் போனேன். மாமா இறந்து அப்போது இரண்டு வருடம் இருக்கும். அவள் மகன் சேகர் கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவான். அத்தை வாசப்படியில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே வரும் செம்மண் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு பெய்த மழையில் சுவர் நனைந்திருந்தது, பக்கவாட்டில் வெயில். படம் எடுக்கிறவளுக்கு அப்படி ஒரு வெளிச்சம் அமைவது அபூர்வம், அது உனக்கே தெரியும்.

"பாக்கியம், ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றேன்.

"எடுத்துக்கோங்க அண்ணி, என்னையப் போய்க் கேட்டுக்கிட்டு. இருங்க, நல்ல சீலையா கட்டிட்டு வந்திர்றேன்."

"வேணாம் வேணாம், அப்படியே இரு."

எடுத்துக்கோங்க. இந்த ஒரு வார்த்தையில்தான் நான் இடறினேன். நம் வீடுகளில் இது எவ்வளவு தாராளமான வார்த்தை! முறுக்குத் தட்டை நீட்டினாலும் எடுத்துக்கோங்க, கொய்யா மரத்தைக் காட்டினாலும் எடுத்துக்கோங்க. பக்கத்துக் கிராமத்து மலாய்க்கார அக்காவும் படத்துக்கு நிற்கும்போது "அம்பில்லா, அம்பில்லா" என்றுதான் சொல்கிறாள், அதற்கும் எடுத்துக்கொள் என்றுதான் அர்த்தம். எடுத்துக்கொள்ளச் சொன்னால் எடுக்கலாம். அதைக் கொண்டுபோய் ஊர் பேர் தெரியாதவனுக்கு விற்றுக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அப்போதும் ஒரு புது ஏஜென்சி வந்திருந்தது. அப்போதும் முதலில் சேருகிறவர்களுக்குச் சலுகை, அப்போதும் ஒரு கடைசித் தேதி. உன்னைப்போலத்தான் நானும் பரபரத்தேன். பாக்கியத்தின் படத்தை ஏற்றினேன். முகம் தெரிவதால் படத்தில் இருப்பவரின் சம்மதப் படிவம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து, சாட்சி. தோட்டத்துக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மழை பெய்தது, கடையில் ஆள் இருந்தது, இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையான காரணம் வேறு. சொந்தத்துக்குள் போய்க் கையெழுத்துக் கேட்பதா? என் கழுத்தில் உன் அப்பா முதல் முடிச்சுப் போட்டார், மற்ற இரண்டு முடிச்சையும் போட்டவள் பாக்கியம். அப்படிப்பட்ட நாத்தனாரிடம் படிவத்தை நீட்டினால், "என்னா அண்ணி, என்னைய நம்பலையா?" என்று முகம் வாடிப்போகும் என்று நினைத்தேன். அவள் மனம் நோகக் கூடாது என்று, அவள் பெயரை நானே எழுதினேன். பாக்கியம் என்று தமிழில், அழகாக. அடையாள அட்டை எண் நம் கடையிலேயே இருந்தது, அவளுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. சாட்சி போட உன் அப்பாவிடம் நீட்டினேன். லோரியை நிறுத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், இடது கையால் பேனாவை வாங்கி, என்ன ஏது என்று கேட்காமல், "சரி சரி, போட்டாச்சு" என்றார். அவர் கூடப் பிறந்த தங்கச்சியின் பெயர் அந்தத் தாளில் இருந்தது அவருக்குத் தெரியாது.

பிறகு படத்துக்குச் சொற்கள் எழுத வேண்டும். வாங்குகிறவர்கள் தேடிக் கண்டுபிடிக்க, ஐம்பது சொல் வரைக்கும் போடலாம். பெண், சேலை, வாசற்படி, காலை, தோட்டம், மலேசியா என்று எழுதிக்கொண்டே போனேன். இருபதோடு தீர்ந்துபோயிற்று. இதேபோன்ற படங்களில் எது நன்றாக விற்கிறது என்று தேடி, அதற்குக் கீழே இருந்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டேன். ஆங்கிலத்தில்தான். முதுமை, வறுமை, சோகம், தனிமை, கைவிடப்பட்டவள். முதுமையாம்! பாக்கியம் என்னைவிட மூன்று வயது சின்னவள். ஐம்பதை நிரப்பிய திருப்தியில் அன்றைக்குப் பலகாரம் வாங்கி வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலையில் சேகர் கடைக்கு வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கைப்பேசியைக் கவுண்டரில் வைத்தான். ஏதோ ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம். அதில் பாதி இடத்துக்குப் பாக்கியத்தின் முகம். "பிள்ளைகள் மறந்தாலும் நாங்கள் மறக்கமாட்டோம்" என்று மலாயிலும் தமிழிலும் எழுதியிருந்தது. சுங்கைப்பட்டாணியில் பெரிய ரோட்டோரம் பேனராகவும் கட்டியிருந்தார்களாம்.

"மாமி, இது நீங்க எடுத்த படமா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்காம மோட்டார்ல வரேன் மாமி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. ஒரு தடவகூட விட்டதில்ல. எங்கம்மாவ நான் எப்ப மறந்தேன்? வேல செய்யிற எடத்துல எல்லாரும் அனுப்புறானுங்க, ஒங்கம்மாவாடான்னு. பெண்டாங் ஊர்ல எனக்குப் பொண்ணு பாத்துட்டு வந்தோம்ல, அவங்க போன் பண்ணிக் கேக்குறாங்க, அம்மாவ ஹோம்ல விட்டுட்டீங்களான்னு."

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கே ஏஜென்சிக்கு எழுதினேன். மின்னஞ்சல் திரும்பி வந்தது. அந்த ஏஜென்சியை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டிருந்தது, எனக்கு வர வேண்டிய சொற்பப் பணமும் அதோடு போயிற்று, அது கிடக்கட்டும். புது நிறுவனத்துக்கு எழுதினேன், ஐந்து வாரம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. படம் முறைப்படி விற்கப்பட்டது. பயன்படுத்துவது சட்டப்படி சரி. படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எங்களிடம் இருக்கிறது. படிவத்தை இணைத்தே அனுப்பியிருந்தார்கள். நான் போட்ட கையெழுத்து என்னையே பார்த்தது.

இப்போது எழுதப் போவதை உன் அப்பாவிடம்கூட நான் இந்த வாரம்தான் சொன்னேன். "இந்தக் கையெழுத்துப் பொய், நான்தான் போட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்கள் படத்தை இறக்கியிருப்பார்கள். எழுத உட்கார்ந்தேன். போலிக் கையெழுத்துக்குப் போலீஸ் வருமோ, கடை லைசென்ஸ் போய்விடுமோ, சாட்சி போட்ட உன் அப்பாவையும் இழுப்பார்களோ என்று பயந்து எழுதாமல் எழுந்துவிட்டேன். அந்த ஒரு வரியை எழுதாததுதான், குணா, நான் என் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு. கையெழுத்துப் போட்டது அறியாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒரு பெயரும் கிடையாது. பேனர் தானாகக் கிழிகிற வரைக்கும் தொங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து, சேகர் ஒரே மாதத்தில் சுங்கைப்பட்டாணியில் தாமான் குடியிருப்பில் வீடு எடுத்து அத்தையைத் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல பிள்ளை, நல்ல எண்ணம்தான். தோட்டத்தில் அவள் வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். தாமானில் எல்லா வீட்டிலும் கிரில் கேட், காலை ஏழு மணிக்கு எல்லாரும் வேலைக்கு. சேகருக்குக் கல்யாணம் ஆயிற்று, நமக்குப் பத்திரிகை வரவில்லை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். நான் படத்துக்குக் கீழே எழுதிய அந்தத் தனிமை என்ற சொல் எழுதியபோது பொய். இப்போது உண்மையாகிவிட்டது. தீபாவளிக்கு உன் அப்பா மட்டும் முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு தங்கச்சியைப் பார்க்கப் போவார், நான் தலைவலி என்று வீட்டில் படுத்திருப்பேன். ஏழு வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குத் தலைவலி.

இப்போது உன் ஏஜென்சிக்கு வருகிறேன். சேராதே என்று நான் சொல்லவில்லை. நீ என்னைவிட நல்ல கலைஞன், இதை உன் அம்மாவாகச் சொல்லவில்லை, முப்பது வருடமாக கேமரா தூக்குகிறவளாகச் சொல்கிறேன். பினாங்குப் படகுத்துறையில் நீ எடுத்த மழைப் படத்தை நான் கடையில் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்களிடம் என் மகன் என்று சொல்லிச் சொல்லி அவர்களுக்கே சலித்துவிட்டது. உன் படங்கள் உலகம் போகட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி எழுதி அனுப்பு, எதுவாகவாவது இருக்கட்டும். எத்தனை நாளில் பதில் வருகிறது, பதில் எழுதியது ஒரு மனிதன்தானா என்று பார். சேரும்முன்பே பதில் சொல்லாதவன் நாளைக்கு நீ அழும்போது சொல்லமாட்டான். நோய், முதியோர், கடன், குடி மாதிரியான விளம்பரங்களுக்கு ஆட்கள் இருக்கும் படத்தைக் கொடுக்கக் கூடாது என்று தடுக்க வழி இருக்கிறதா என்று கேள். இந்த ஒப்பந்தத்தில் நான் தேடிய வரைக்கும் இல்லை. வேறெங்கும் கொடுக்காதே என்கிறவனிடம் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டாதே. கட்டடம், வயல், மழை, பழக்கடை என்று ஆள் முகம் இல்லாத ஐம்பது படத்தைக் கொடுத்து ஒரு வருடம் நடத்தையைப் பார். முதலில் சேருகிறவர்களில் நீ இல்லாவிட்டால் போகிறது. கல்யாணப் பெண்ணை ஒரே பார்வையில் முடிவு செய்யாமல் எட்டு மாதம் பழகித்தானே சரி என்று சொன்னாய், கம்பெனிக்கு மட்டும் என்ன அவசரம்?

என் ஹார்ட்டிஸ்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. இருபது வருடத்துப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மணப்பெண் அறையில், ஆண் கேமராக்காரன் வேண்டாம் என்று என்னை நம்பிக் கூப்பிட்ட பெண்கள் இருக்கிறார்கள். நாக்கில் அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் அந்தக் காவடிக்குக் கீழே சித்திரவதை என்று எழுதினால் நீ யாரிடம் போய்ச் சண்டை போடுவாய்? இவர்கள் எல்லாரும் என்னிடம் எடுத்துக்கோங்க என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூட உன் வெள்ளிக்கிழமைக்குச் சம்மதம் கொடுக்கவில்லை. ஆகையால் டிஸ்க் வராது. கோபப்படு, பரவாயில்லை, கல்யாணத்துக்குள் ஆறிவிடும். உன் அறுநூறிலும் முகம் தெரிகிற படத்தையெல்லாம் தனியாகப் பிரித்து வை. அவரவரைத் தேடிப் போய், எங்கே போகும், எதற்குப் போகும், திருப்பி வாங்க முடியாது என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லிக் கையெழுத்து வாங்கு. சொந்தமாக இருந்தால் இரண்டு தடவை சொல். படத்துக்குக் கீழே போடும் சொல்லை அந்த ஆளின் முகத்துக்கு நேரே உரக்கப் படித்துக்காட்ட முடியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டு எழுது.

அத்தை படத்தையும் ஏற்றாதே என்று ஒரு வரியில் எழுதி இத்தோடு முடித்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் முடிப்பதாக இருந்தேன். புதன்கிழமை காலையில் கடையைத் திறக்கவில்லை. அந்தப் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். உன் அப்பா வரேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

கிரில் கேட்டுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். சாவியைத் தேடி எடுத்து வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வாங்க அண்ணி," என்றாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். டிவியில் சத்தத்தைக் குறைத்தாள், அணைக்கவில்லை. நான் சுற்றி வளைக்காமல் படிவத்தை எடுத்து அவள் மடியில் வைத்து, இது என்ன, யார் எழுதியது, படத்துக்குக் கீழே நான் என்னென்ன சொற்களைப் போட்டேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அந்தப் பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நான் சேகர்கிட்ட என்னா சொன்னேன் தெரியுமா அண்ணி? மாமிய ஒன்னும் சொல்லாதடா, நான்தான் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன், என் வாயாலதான் வந்துச்சுன்னு சொன்னேன். ஏழு வருசமா என் வாயத்தான் நான் திட்டிக்கிட்டிருக்கேன்."

குணா, அந்த இடத்தில் நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. போய்விடு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துப் பையை எடுத்தேன். திரும்பி வந்து நின்றாள்.

"என் பேர நீங்க எழுதுன மாதிரி நான் எழுத மாட்டேன். எனக்கு 'க்'கு வளைக்க வராது, கோணிக்கும். பாத்தாலே தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு, யாராச்சும் என்கிட்ட காட்டியிருந்தா." பிறகு, "அன்னைக்கு நான் என்னாத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"ரொட்டிக்காரரு. எட்டு மணிக்கு வர்ற மனுசன் எட்டே முக்காலாயும் வரல. தேத்தண்ணி ஆறுது, எனக்குக் கோவம் கோவமா வருது. நீங்க அதுக்குப் போயி தனியாக் கெடக்குறான்னு எழுதிட்டீங்களே."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்கு வா என்று கூப்பிட்டேன், சேகரைக் கேட்க வேண்டும் என்றாள். கிளம்பும்போதுதான் நீ கேட்டதைச் சொன்னேன். அவள் மகன்போல இருக்கிற நீ அதே படத்தை விற்கக் கேட்கிறாய் என்று. கேட்டைப் பூட்டப் போனவள் நின்றுவிட்டாள்.

"குணாவா? எந்த மாதிரி கேக்குறான்? ஒங்ககிட்டயா கேட்டான்?"

"எங்கிட்டதான்."

"அவன இங்க வரச் சொல்லுங்க அண்ணி. வந்து என் எதிர ஒக்காந்து கேக்கட்டும்."

"கேட்டா குடுப்பியா பாக்கியம்?"

"குடுக்க மாட்டேன். முடியாதுன்னுதான் சொல்லுவேன். ஆனா ஒருத்தராச்சும் என்னையக் கேக்கணும்லா."

அம்மா